சிவிலைசேஷன் 6: முதல் நகரத்தை எங்கே வைப்பது, யாரை எதிரியாக எடுப்பது?

கொருக்குப்பேட்டை வாசி:
நகரம் கட்டி நாடு வளர்க்கும் இந்தக் கம்ப்யூட்டர் கேமில் நான் எடுத்தது இந்தியா, தலைவர் சந்திரகுப்தர், ஸ்மால் மேப், எதிரிகள் ஐந்து பேரும் ரேண்டம் (கேமே பொறுக்கியது). கடல் பக்கம் இருக்கட்டுமே என்று முதல் டர்னிலேயே (என் முதல் முறையிலேயே) கரையில் நகரத்தை வைத்தேன், ஜனத்தொகை 3 தாண்டவே திணறியது, அதற்குள் சுமேரியாவின் தலைவர் கில்காமேஷ் போர் ரதங்களோடு வந்து ஊரையே எடுத்துக்கொண்டார். மூன்று ஆட்டமும் இப்படியே போனது. ரீஸ்டார்ட் அடிப்பது தப்பு என்கிறான் தம்பி. எதைப் பார்த்து இடம் பிடிக்கிறீர்கள்?

எண்ணூர் அண்ணன்:
தம்பி, கடல் பிரச்சனை இல்லை, நல்ல தண்ணீர் இல்லாததுதான் பிரச்சனை. ஆறோ ஏரியோ ஒட்டி வைத்தால் ஹவுசிங் (ஜனங்கள் பெருக இருக்கும் இடவசதி) 5, வெறும் கடற்கரை என்றால் 3, இரண்டும் இல்லாவிட்டால் 2. நம்ம பக்கம் கடலை எதிரில் வைத்துக்கொண்டு, போர்வெல்லில் உப்புத் தண்ணீர் வருகிறதே என்று லாரிக்குக் குடம் அடுக்குகிறோமே, அதே கணக்குதான். ஆறு கடலில் சேருகிற இடம் கிடைத்தால் விடாதே. பக்கத்தில் சமவெளிக் குன்று (கேமில் Plains Hills) இருந்தால் ஒரு டர்ன் போனாலும் பரவாயில்லை, ஏறிவிடு. அங்கே நகர மையமே 2 உணவு, 2 உற்பத்தி தரும். சாதாரணத் தரையில் உற்பத்தி 1தான். ரதம் வருவதற்குள் ஆள் சேர்க்க அந்த ஒன்று ரொம்பப் பெரியது.

வியாசர்பாடி:
ரேண்டமை விடுங்கள். சுமேரியாவின் ரதத்துக்குப் பலம் 30, நம் வாரியருக்கு (ஆரம்பக் காலாட்படை) 20, அதைக் கட்ட எந்த வளமும் வேண்டாம். பழகும்வரை எதிரிகளில் கில்காமேஷை நீக்கிவிட்டு அமெரிக்காவின் ரூஸ்வெல்ட்டை வையுங்கள், தன் கண்டத்தில் சண்டை போடாதவர்களை அவருக்குப் பிடிக்கும். ஆஸ்டெக் தலைவர் மான்டசூமா வேண்டாம், தன்னிடம் இல்லாத ஆடம்பரப் பொருள் உங்களிடம் இருந்தாலே முறைப்பார். ஐந்து எதிரிகளை நாலாகக் குறைத்தால் அதே மேப்பில் மூச்சுவிட இடம் கிடைக்கும். அப்புறம் லெவல் பிரின்ஸிலேயே (நடுத்தரக் கடினம்) இருக்கட்டும், மிகக் கடினமான டீட்டியில் எதிராளி 3 செட்லரோடு (புது நகரம் அமைப்பவர்) தொடங்குவார்.

ராயபுரம்:
கில்காமேஷை நீக்கச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூட்டணி வைப்பவர்களை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். பார்த்த உடனே 25 தங்கம் கொடுத்துத் தூது அனுப்புங்கள், அப்புறம் நட்பு கேளுங்கள். நட்பு இருக்கும்வரை அவரால் போர் அறிவிக்க முடியாது. தண்ணீர் இல்லாத இடமே வாய்த்தாலும் இந்தியாவுக்குப் படிக்கிணறு இருக்கிறது, உணவும் ஹவுசிங்கும் கூடும். ரீஸ்டார்ட் ஒன்றும் தப்பில்லை, ஆனால் பத்து டர்ன் சுற்றிப் பார்த்த பிறகு அடியுங்கள்.

கொருக்குப்பேட்டை வாசி:
நன்றி அண்ணா, எல்லோருக்கும். இன்று ராத்திரி ஆற்றங்கரைக் குன்று தேடுகிறேன். கில்காமேஷும் இருக்கட்டும், தூது அனுப்பிப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்.