'சுத்துது, பத்தல': எழுத்தில் இதற்கு என்ன சொல்?

வணக்கம். ஆங்கிலத்தில் 'கிராங்க், நோ ஸ்டார்ட்' என்கிறார்களே, அதாவது செல்ஃப் (எஞ்சினை முதலில் சுற்றிவிடும் மோட்டார்) சுற்றியும் எஞ்சின் கிளம்பாத கோளாறு, அதற்குத்தான் நாம் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.

'தொடங்காக் கோளாறு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்கிறவர்களுக்கு என் பதில் இது. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருவதும் தொடங்காமைதான், செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் உயிர் பெறாமல் கிடப்பதும் தொடங்காமைதான். முதலாவதற்கு பேட்டரி, அதன் முனைகள், செல்ஃப் மோட்டார் என்று பார்க்க வேண்டும். இரண்டாவதில், சுற்றும் வேகம் குறையாதவரை, அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாத சொல் பட்டறையில் எதற்கு உதவும்?

'தீப்பொறியின்மை' இன்னும் மோசம். டீசல் எஞ்சினில் பொறி கொடுக்கும் பிளக்கே கிடையாது. உள்ளே வந்த காற்றை ஏறத்தாழ 16இல் ஒரு பங்காக பிஸ்டன் நெருக்கும்போது சூடு 500 டிகிரியைத் தாண்டிவிடும், அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே எரியும். ருடால்ஃப் டீசல் 1890களில் செய்து காட்டியது இதைத்தான். இல்லாத பொறியை இல்லை என்று சொல்லி என்ன பயன்?

சரி, என் கதைக்கு வருகிறேன். சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடைகளுக்குச் சரக்கு போடும் என் டீசல் வேன் ஒரு நாள் விடியற்காலையில் புளோக் கார்பார்க்கில் படுத்துவிட்டது. காக்கி புக்கிட்டிலிருந்து வந்த மெக்கானிக் தம்பி ஒருமுறை சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நல்லா சுத்துது, ஆனா பத்தல" என்றார்.

"நேத்துதானேப்பா முழு டேங்க் அடிச்சேன்!"

"டீசல் இல்லண்ணே, தீ பத்தல."

பேச்சில் போதாததும் 'பத்தல', தீப்பிடிக்காததும் 'பத்தல'. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் நாம் தேடிக்கொண்டிருந்த வினை அங்கேயே கிடைத்தது.

அப்புறம் அவர் என்னை சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டுப் புகைக்குழாய்க்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். புகையே வராவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை. என் வேனில் துளிப் புகையும் இல்லை. ஃபில்டர் மேலிருந்த கைப்பம்பை அமுக்கினார், பத்துப் பதினைந்து அமுக்கில் இறுக வேண்டியது தொளதொளவென்றே இருந்தது, பக்கத்திலிருந்த கண்ணாடிக் குழாயில் வரிசையாகக் காற்றுக் குமிழிகள். முந்தைய வாரம் ஓரிடத்தில் ஃபில்டர் மாற்றியபோது ரப்பர் வளையம் மடிந்து உட்கார்ந்திருக்கிறது, அதன் வழியாகக் காற்று புகுந்திருக்கிறது. காற்று கலந்தால் காமன் ரயிலில் (பீய்ச்சும் முன் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கும் குழாய்) அழுத்தம் ஏறாது. பல எஞ்சின்களில் 200 பார் (அழுத்த அலகு) அளவுக்காவது ஏறினால்தான் கணினி, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையே திறக்க விடும். புது வளையத்தில் டீசலைத் தடவி மாட்டி, பம்பு கல்லாகும் வரை அமுக்கினார். வண்டி எழுந்துவிட்டது.

(குளோ பிளக்கை, அதாவது பொறி தராமல் குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்க மட்டும் உதவும் பிளக்கை, மாற்று என்று இணையத்தில் எல்லோரும் சொல்வது பனி பெய்யும் ஊர்க்காரர்களின் அறிவுரை. நம் ஊர்ச் சூட்டில் அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.)

முதலில் 'பற்றாச் சுழற்சி' என்றுதான் எழுதிப் பார்த்தேன், இலக்கணப்படி அழகாகவே இருக்கிறது. ஆனால் பற்றா என்றதுமே பற்றாக்குறை நினைவுக்கு வருகிறது, சுழற்சி என்றால் மறுசுழற்சி. அதனால் 'சுழன்றும் பற்றாமை' என்று முன்மொழிகிறேன். சற்று நீளம்தான். ஆனால் அந்த 'உம்' ஒன்றே, செல்ஃப் தன் வேலையைச் செய்துவிட்டது, குறை வேறெங்கோ என்று சொல்லிவிடுகிறது. இதிலிருந்தே 'புகையோடு பற்றாமை', 'புகையின்றிப் பற்றாமை' என்று பிரித்துக்கொள்ளலாம், சோதனையின் அடுத்த படியும் அதுதானே.

கிராங்குக்கு 'வணரி' என்று எழுதுகிறவர்கள் உண்டு, நல்ல சொல்தான். அதற்காக 'வணரியும் பற்றாமை' என்றெல்லாம் போக வேண்டாம். காற்றை நெருக்கிய சூட்டிலேயே டீசல் பற்றுவதை 'அமுக்கப் பற்றவைப்பு' என்று எழுதலாமா என்பதை மட்டும் இலங்கை நண்பர்கள் பார்த்துச் சொல்லுங்கள். உங்களுக்கு அமுக்கம் என்றால் அழுத்தம், எங்களில் பலருக்கு நெருக்குதல். இந்த இடத்தில் அது குழப்பும்.

'செல்ஃப்' என்ற சொல்லை மட்டும் மாற்றாதீர்கள். 'தொடக்கி' என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தம்பி என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.