எவர்கிளேட்ஸ் அலையாத்திக் காட்டில் வழிகாட்டியோடு தூண்டில் போடப் போகலாமா?

தாம்பாவாசி:
எவர்கிளேட்ஸ் என்பது அமெரிக்காவில் புளோரிடாவின் தெற்கே உள்ள பெரிய சதுப்புநிலம். புளோரிடாவுக்கு வரும் நம் ஆட்கள் பலர் இதைக் கேட்கிறார்கள். என் பதில், தாராளமாகப் போங்கள். சொக்கலோஸ்கீ, ஃப்ளமிங்கோ என்ற இரண்டு ஊர்களிலிருந்தும் படகுகள் கிளம்புகின்றன. பல இடங்களில் முழங்கால் ஆழம்தான் தண்ணீர். வழிகாட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு, படகின் பின்மேடையில் ஏறி, நீளக் கழியை ஊன்றிச் சத்தமில்லாமல் தள்ளுவார். சிவப்பு அலையாத்தியின் முட்டுவேர்களை ஒட்டி ஸ்னூக் மீன் நிற்கும். நம் கொடுவாவின் சாயல் அதற்கு உண்டு. கொடுவாவைப் போலவே ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும். மெக்சிகோ வளைகுடாப் பக்கம் 28 முதல் 33 அங்குலம் வரை உள்ளதை மட்டும், அதுவும் பிடிக்க அனுமதி உள்ள பருவத்தில் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண் மீன்கள், தண்ணீருக்கே திரும்ப வேண்டும். புதிதாக வருபவருக்கு இதையெல்லாம் கையைப் பிடித்துச் சொல்லித் தருவது வழிகாட்டிதான்.

நாகைக்காரன்:
அண்ணா, நான் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். சொக்கலோஸ்கீ போன்ற தீவுகளில் தலைமுறையாக மீன் பிடித்தவர்கள் இருந்தார்கள். 1947இல் தேசியப் பூங்கா திறந்தது. 1985 முடிவோடு பூங்காவுக்குள் விற்பனைக்கு மீன் பிடிப்பதை நிறுத்திவிட்டார்கள். 1994இல் வாக்கெடுப்பு வைத்து, மாநில அரசியலமைப்பையே திருத்தி, மாநிலக் கடல் முழுக்க, மீனின் செவுள் சிக்கும்படி விரிக்கும் செவுள் வலையைத் தடை செய்தார்கள். மடவை பிடித்தும் அதன் சினையை விற்றும் பிழைத்த குடும்பங்களுக்கு அது பேரிடி. அந்தத் தடைக்காகப் பெரிதாகப் பிரசாரம் செய்தவர்கள் பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கும் தூண்டில்காரர்கள். பிழைப்புக்குப் பிடித்தவரை வெளியே அனுப்பிவிட்டு, அரை நாளுக்குப் பல நூறு டாலர் கொடுப்பவரை உள்ளே விட்டால், அதை இயற்கைப் பாதுகாப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

தாம்பாவாசி:
தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஸ்னூக்கை விற்பதற்கு 1957இலேயே தடை வந்துவிட்டது, செவுள் வலை விவாதத்துக்கு வெகு முன்னால். மடவையும் முழுக்கப் போய்விடவில்லை, வீச்சு வலையால் இன்றும் பிடித்து விற்கிறார்கள். எவர்கிளேட்ஸ் சிட்டியில் கல்நண்டுத் தொழில் இன்னும் நடக்கிறது.

கோமதி:
எனக்கு உறுத்துவது வேறு. சாப்பிடுவதற்கென்றால் சரி. வாயில் கொக்கி மாட்டி இழுத்து, படம் எடுத்து, திரும்ப விடுவதில் என்ன நியாயம்? டார்பன் என்ற பெரிய மீனோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். களைத்துப்போன மீனைச் சுறா வந்து பிடித்துக்கொள்கிறது. மீனுக்கு வலியில்லை என்று யாராவது எனக்கு உறுதியாகச் சொல்லட்டும்.

சதுப்புநிலத்தாள்:
கோமதி அக்கா, நான் அந்த உறுதியைத் தர மாட்டேன். விதி என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்கிறேன். 2013 முதல் டார்பனைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும், 40 அங்குலத்துக்கு மேற்பட்டதைத் தண்ணீரிலிருந்து தூக்கவே கூடாது. படத்துக்காக மடியில் வைப்பது சட்டப்படியே தவறு. மொத்தையான நூலைப் போட்டுச் சீக்கிரம் இழுத்து விடுவதும், சுறா தெரிந்தால் நூலை அறுத்துவிடுவதும் வழிகாட்டியின் கையில் இருக்கிறது.

அப்புறம், எல்லோரும் மீனையே பேசுகிறீர்கள். அந்த ஆழமற்ற நீரில் முதலில் அடிபடுவது கடற்புல். எஞ்சினின் விசிறி தரையைக் கீறினால் ஆமைப்புல் என்ற கடற்புல் வகை வேரோடு போய்விடும், அந்த வடு மூடப் பல ஆண்டுகள் ஆகும். எவர்கிளேட்ஸுக்குத் தெற்கே உள்ள புளோரிடா விரிகுடாவை வானத்திலிருந்து பார்த்தால் இந்தக் கீறல்கள் கோடு கோடாகத் தெரியும். இதற்காகத்தான் 2011இல் அந்த விரிகுடாவின் ஸ்னேக் பைட் பகுதியில், கழியாலோ சிறிய மின் மோட்டாராலோ மட்டும் படகு ஓட்ட வேண்டும் என்று வரையறுத்தார்கள். தடம் தெரியாமல் தானே படகு ஓட்டி வருபவர் தரை தட்டுவார். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் வழிகாட்டியின் பக்கம்.

நாகைக்காரன்:
தடம் தெரிந்தவர் வேண்டும் என்றால், அந்தத் தடத்தை முதலில் அறிந்தவர்கள் மீனவர்கள்தானே! பிச்சாவரத்தில் இருளர்கள் தண்ணீருக்குள் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அவர்கள் அளவுக்கு அந்தச் சேற்றை அறிந்தவர் யார்? நாளை அங்கேயும் தூண்டில் சுற்றுலாவைக் கொண்டுவந்து, அவர்களைப் படகு தள்ளும் கூலிக்காரர்களாக்கி, மீன் பிடிக்கும் உரிமையைப் பறித்தால்? என் பயம் அதுதான்.

தாம்பாவாசி:
அந்தப் பயத்தில் நானும் உங்களோடு நிற்பேன், தம்பி. இங்கே நடப்பதையும் பாருங்கள். 2015இல் வறட்சி வந்து, நன்னீர் வரத்து குறைந்து, விரிகுடாவில் உப்பு ஏறிக் கடற்புல் பெருமளவில் செத்தது. அடுத்த ஆண்டு இரண்டு வழிகாட்டிகள் சேர்ந்து 'கேப்டன்ஸ் ஃபார் க்ளீன் வாட்டர்' (சுத்தமான தண்ணீருக்காகப் படகோட்டிகள்) அமைப்பைத் தொடங்கினார்கள். ஒக்கிச்சோபி ஏரித் தண்ணீரைத் தெற்கே எவர்கிளேட்ஸுக்கு விடச் சொல்லி அரசிடம் இன்றுவரை மல்லுக்கு நிற்கிறார்கள். தண்ணீர் கெட்டால் இவர்கள் பிழைப்பும் போய்விடும்.

நாகைக்காரன்:
மடவைக்காரரின் பிழைப்பும் அதே தண்ணீரில்தானே இருந்தது, அண்ணா? அவருக்காக யார் அமைப்பு தொடங்கினார்கள்? போகிறவர்கள் போகட்டும். விற்பனைக்கு மீன் பிடித்த குடும்பத்திலிருந்து வந்த வழிகாட்டி யாராவது இருக்கிறாரா என்று விசாரித்து, அவர் படகில் ஏறுங்கள். திரும்பும்போது கல்நண்டை அவர்கள் துறையிலேயே வாங்குங்கள்.