பால் ஆண்டர்சன் குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பவர்லிஃப்டிங் (ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் ஆகிய மூன்று வகைகளில் பளு தூக்கும் போட்டி) தனி விளையாட்டாக உருப்பெறுவதற்கு முன்பே, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டொக்கோவா ஊரில், தரையில் தோண்டிய குழிக்குள் நின்று, குறுக்கே கிடந்த பளுவைத் தோளில் தாங்கி எழுந்து, குழியில் சிறிது சிறிதாக மண் நிரப்பி எழும் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போன பால் ஆண்டர்சனைப் (1932–1994) பற்றித் தமிழில் விரிவாக எழுதி வருகிறேன். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் பளுதூக்குதலில் காய்ச்சலோடு களமிறங்கி, கடைசி முயற்சியில் 187.5 கிலோவைத் தூக்கி, மூன்று வகைத் தூக்கல்களின் கூட்டுத்தொகையில் அர்ஜென்டினா வீரர் செல்வெட்டியுடன் 500 கிலோவில் சமன் செய்து, இருவரில் தன் உடல் எடையே குறைவு என்பதால் தங்கம் வென்றவர் அவர்; அந்த மன உறுதி என்னை இன்றும் வியக்க வைக்கிறது. அட்லாண்டா பகுதியில் வசிக்கும் உறுப்பினர்கள் டொக்கோவாவில் உள்ள அவரது நினைவுப் பூங்காவைப் படமெடுத்து அனுப்ப இயலுமா? அவர் பயிற்சி செய்ததை நேரில் கண்ட முதியவர்களின் நினைவுகள் கிடைத்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.