செவிலியாக இருந்த அம்மாவுக்கு நினைவு மலர்: எதை எழுதுவது, எப்படி அச்சிடுவது?

கெடிலக்கரை:
கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 16ஆம் நாள் காரியத்தன்று அம்மாவுக்கு ஒரு சிறு நினைவு மலர் கொடுக்க நினைக்கிறோம். 92 வயது, கிராம சுகாதார செவிலியாக ஓய்வு பெற்றவர். பணிப்பதிவேட்டு நகலும் பழைய போட்டோக்களும் இருக்கின்றன. வருடங்களை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். இன்னும் 9 நாள்தான். எங்கே தொடங்கலாம்?

ஓய்வுபெற்ற செவிலி:
அம்மாவுக்கு என் வணக்கம்.

பணிப்பதிவேட்டில் தொடங்குங்கள். சேர்ந்த நாள், மாற்றலான ஊர்கள் எல்லாம் அதில் இருக்கும். 1993இல் விழுப்புரம் பிரியும் முன் எழுதிய தாள்களில் தென்னார்க்காடு மாவட்டம் என்றிருக்கும். அதை அப்படியே விடுங்கள். வாய்வழியாக வரும் வருடங்களை மருத்துவ நிகழ்வோடு ஒத்துப் பாருங்கள். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975இல். போலியோ சொட்டு மருந்து போடும் பல்ஸ் போலியோ முகாம் 1995இல்தான் வந்தது. உங்கள் அம்மா வயதுக்கு அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார். "பணியில் இருக்கும்போது சொட்டு மருந்து போட்டார்" என்றால் அது வழக்கமான தடுப்பூசி நாளில் கொடுத்தது.

"தன்னலமற்ற சேவை" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள், அவர் கை செய்ததை எழுதுங்கள். கண்ணாடி சிரிஞ்சைக் கழற்றி, குழாயையும் பிஸ்டனையும் துணியில் சுற்றி, ஊசிகளோடு 20 நிமிடம் கொதிக்க விடுவது. கொதி வந்த பிறகுதான் நேரக் கணக்கு. நடுவில் இன்னொரு ஊசியைப் போட்டால் மறுபடி முதலிலிருந்து. ஒரு குழாயின் பிஸ்டன் இன்னொன்றுக்கு மாறினால் மருந்து பின்பக்கம் கசியும். உப்புத் தண்ணீரில் காய்ச்சினால் வெள்ளைப் படிவு ஏறி பிஸ்டன் இறுகிவிடும். மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்ட வேண்டும். இது எதுவும் தெரியாத பேரப்பிள்ளைகளுக்கு இந்த ஒரு பத்தி போதும், பாட்டி யாரென்று புரியும்.

அம்மாவாக அவரைச் சொல்லும் பகுதிக்குப் பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். நடு ராத்திரியில் பிரசவத்துக்குக் கூப்பிட வந்தவர்கள் கதவைத் தட்டியபோது நீங்கள் தூங்கியிருப்பீர்கள். உங்களை யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார் என்பது அந்தப் பக்கத்து வீட்டாருக்குத்தான் தெரியும்.

யாருக்குக் காசநோய், யாருக்குக் கருத்தடை என்று பெயர் வரவே கூடாது. அவர் கடைசி வரை காத்த ரகசியங்கள் அவை.

அச்சுக்கோப்பவர்:
நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். 14 பக்க மேட்டர் கொடுத்தால் 2 பக்கம் வெறுமையாகும். டெமி என்ற சாதாரணப் புத்தக அளவு, 16 பக்கம், உள்ளே 100 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத தாள், அட்டை 250 ஜிஎஸ்எம் போதும்.

ஆல்பத்தில் ஒட்டிய போட்டோவைப் பிய்க்காதீர்கள், மேல்பூச்சு உரிந்துவிடும். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு மெல்ல அறுங்கள். வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். சின்னப் படத்துக்கு ஸ்கேனரில் 600 டிபிஐ (படத்தின் துல்லியம்) வையுங்கள். வாட்ஸ்அப்பில் டாகுமென்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

நீங்கள் போனிலோ கணினியிலோ தட்டும் யூனிகோடு எழுத்திலிருந்து அச்சக எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்புகளும் ஸ்ரீயும் சிதறும். அதனால் மாற்றிய பிறகு வரும் புரூஃபை (பிழை பார்க்கும் படி) இரண்டு பேர் படியுங்கள், ஒருவர் பெயர்களை மட்டும். இன்றிலிருந்து 6ஆம் நாளுக்குள் ஒப்புதல் கொடுத்தால் நிம்மதி.

கெடிலக்கரை:
இருவருக்கும் நன்றி. பணிப்பதிவேட்டில் கடைசிப் பக்கத்தின் நகல் மங்கிவிட்டது. ஓய்வு பெற்ற நாளை எங்கே பார்ப்பது?

ஓய்வுபெற்ற செவிலி:
பென்ஷன் ஆணையில் இருக்கும். வங்கிப் புத்தகத்தோடு மடித்து வைத்திருப்பார், பாருங்கள்.