கருப்பையை எடுக்கச் சொல்கிறார்கள்: எல்லா வழிகளையும் விளக்கும் மருத்துவரை எப்படித் தேடுவது?

வைகைக்கரை:
என் அக்காவுக்கு 43 வயது. ஒரு வருடமாக மாதவிடாயின்போது உதிரப்போக்கு மிகுதியாக இருக்கிறது. ஸ்கேனில் கருப்பையில் இரண்டு ஃபைப்ராய்டு கட்டிகள் (புற்றுநோய் அல்லாத தசைக்கட்டிகள்) தெரிந்தன. மருத்துவர் ஐந்து நிமிடம்கூடப் பேசாமல், "பிள்ளைகள் பிறந்துவிட்டன, கருப்பை இனி எதற்கு?" என்று கேட்டு, அடுத்த வாரமே அறுவைக்கு நாள் குறித்துவிட்டார். எதிர்த்துக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று அக்கா அஞ்சுகிறார். மதுரைப் பக்கம் எங்களுக்கு யோசிக்க இடம் தரும் மருத்துவரை எவ்வாறு அடையாளம் காண்பது?

மல்லிகை:
முதலில் அக்காவின் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். அறுவையைத் தள்ளிவைக்கலாம், இரத்தசோகைக்கான சிகிச்சையைத் தள்ளிவைக்கக் கூடாது. எனக்கும் இதே நிலை வந்தபோது, இரண்டாவதாகப் பார்த்த மருத்துவரிடம், "இப்போதைக்கு எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டேன். அவர் ஸ்கேன் தாளின் பின்புறம் கருப்பையை வரைந்து, கட்டி உள்ளறையில் இருக்கிறதா, சுவரில் இருக்கிறதா, வெளிப்புறத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே வழி மாறும் என்றார். உதிரப்போக்கைக் குறைக்கும் மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் அகற்றுதல், கட்டிக்குச் செல்லும் இரத்தக்குழாயை அடைத்தல் ஆகியவற்றில் எனக்கு எவை பொருந்தும், எவை பொருந்தா என்று காரணத்தோடு விளக்கினார். மாதவிடாய் நின்ற பிறகு இக்கட்டிகள் பெரும்பாலும் சுருங்கிவிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரைத் தேடுங்கள்.

சட்டம் படித்தவன்:
அக்கா அஞ்சத் தேவையில்லை. சமீரா கோலி என்ற நோயாளி தொடுத்த வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், பரிசோதனைக்காகத் தந்த ஒப்புதலை வைத்துக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றியது தவறு என்றும், மயக்கத்தில் இருந்தவருக்காக அவருடைய தாய் தந்த ஒப்புதல் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. மாற்று வழிகளையும் ஆபத்துகளையும் சொல்லிப் பெறுவதே முறையான ஒப்புதல். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. அவற்றை வாங்கிக்கொண்டு வேறொருவரைப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அறுவை வேண்டாம் என்பவரே நல்ல மருத்துவர் என்று எண்ணிவிடாதீர்கள். சிலருக்குக் கருப்பையை நீக்குவதே சரியான சிகிச்சை. ஆனால் சினைப்பைகளையும் எடுப்பார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இந்த வயதில் அவற்றை இழந்தால் மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தொல்லைகள் திடீரென்று வந்துவிடும், எலும்பும் தேயும்.

வைகைக்கரை:
உங்கள் பதிலைப் பார்த்த பிறகு ஒப்புதல் படிவத்தை எடுத்துப் படித்தோம். சினைப்பைகளையும் அகற்றுவதாக அதில் இருக்கிறது. அக்காவிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. அவர் இன்னும் கையெழுத்திடவில்லை. நாளை காலை பதிவேடுகளைக் கேட்டு வாங்கப் போகிறோம்.