தேர்தல் பத்திரக் கணக்கு: தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு நாமே சரிபார்ப்பது எப்படி?

முனிர்க்காக்காரன் கேட்டது:

டெல்லியில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்தான். ஆங்கிலச் சேனலைத் திருப்பினால் தேர்தல் பத்திரம் (கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் ஸ்டேட் வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுத்த நன்கொடைப் பத்திரம்) என்றாலே பாஜக வாங்கிய 6,060 கோடி, அதோடு முடிந்தது கதை. ஊர்ச் சேனலைத் திருப்பினால் அது எந்தக் கட்சியின் சேனலோ, அந்தக் கட்சி வாங்கிய பணம் மட்டும் திரையில் வராது. நான் வலதுசாரிப் பக்கம் சாய்ந்தவன்தான், மறைக்கவில்லை. ஆனால் வாதத்துக்கு உட்காரும்போது எண்ணோடு உட்கார வேண்டும்.

கேள்வி மூன்று. மொத்தத் தொகை என்று 20,000 கோடி, 16,518 கோடி, 12,769 கோடி என ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், எது சரி? எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்பதைத் தேர்தல் ஆணையத்தின் கோப்புகளை வைத்து நாமே பொருத்திப் பார்க்க முடியுமா? ஊடகம் ஒருதலையாகச் சொல்கிறது என்பதை எதை வைத்து நிரூபிப்பது? "எல்லோரும் விலைபோனவர்கள்" என்ற வகைப் பதில் வேண்டாம்.

---

தணிக்கைத்தம்பி:

முதலில் மொத்தத் தொகை. 16,518 கோடி என்பது 2018 மார்ச் முதல், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் திட்டத்தை ரத்து செய்தது வரை விற்ற எல்லாப் பத்திரங்களுக்கும். 12,769 கோடி என்பது 2019 ஏப்ரல் 12க்குப் பிறகு கட்சிகள் பணமாக்கியது மட்டும். பத்திர விவரத்தைக் கட்சிகள் மூடிய உறையில் ஆணையத்திடம் தர வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு அந்த ஏப்ரல் 12ஆம் தேதியில் வந்தது, அதனால் வெளியான பட்டியலும் அங்கிருந்தே தொடங்குகிறது. 20,000 கோடி என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. 2024 மார்ச்சில் அமித் ஷா ஒரு மேடையில் "மொத்தம் 20,000 கோடி, எங்களுக்கு 6,000, மீதி 14,000 எங்கே" என்று கேட்டதிலிருந்து பரவியது அது. நம் பக்கத்து ஆட்கள் இன்னும் அதையே ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். விட்டுவிடுங்கள். எதிரில் இருப்பவர் கோப்பைத் திறந்து பார்த்தவராக இருந்தால் அந்த ஒரு வரியிலேயே உங்கள் வாதம் போய்விடும்.

அதேபோல 6,060 கோடியும் பாஜகவின் முழுத்தொகை இல்லை. 2018-19 நிதியாண்டில் மட்டும் கட்சியின் தணிக்கை அறிக்கையில் பத்திர வருமானம் 1,450 கோடி. அது இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. இந்த இரண்டு எண்களையும் நீங்களே முதலில் சொல்லிவிட்டால் மற்றதை எதிராளி காது கொடுத்துக் கேட்பார்.

அடுத்து பொருத்திப் பார்ப்பது. ஸ்டேட் வங்கி தந்த பட்டியலைத் தேர்தல் ஆணையம் இரண்டு தடவை வெளியிட்டது. 2024 மார்ச் 14இல் வந்த கோப்புகளில் பத்திர எண் கிடையாது. அதை வைத்து யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று சொன்ன எல்லாமே ஊகம். மார்ச் 21இல் வந்தவைதான் வேண்டும். வாங்கியவர் கோப்பு ஒன்று, பணமாக்கிய கட்சி கோப்பு ஒன்று. இரண்டும் பிடிஎஃப். எக்ஸெலுக்கு மாற்றியதும் தொகைப் பத்தியில் காற்புள்ளி இருப்பதால் அது எழுத்தாக உட்காரும், கூட்டினால் பூஜ்யம் காட்டும். காற்புள்ளியை நீக்கி எண்ணாக மாற்றுங்கள்.

பலர் தவறுவது அடுத்த இடத்தில். பத்திர எண்ணை மட்டும் வைத்துப் பொருத்தக் கூடாது. ஒவ்வொரு மதிப்புக்கும் தனி முன்னெழுத்து உண்டு: ஒரு கோடிக்கு ஓசி, பத்து லட்சத்துக்கு டிஎல், ஒரு லட்சத்துக்கு ஓஎல், பத்தாயிரத்துக்கு டிடி, ஆயிரத்துக்கு ஓடி. ஒரே எண் ஓசியிலும் வரும், டிஎல்லிலும் வரும். இரண்டு கோப்பிலும் முன்னெழுத்தையும் எண்ணையும் சேர்த்து ஒரு புதுப் பத்தி உண்டாக்கி, அந்தப் பத்தியை வைத்து எக்ஸ்லுக்அப் (ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடித் தரும் எக்ஸெல் சூத்திரம்) போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு லட்சம் கொடுத்தவர் ஒரு கோடி கொடுத்ததாக வந்து நிற்கும்.

பொருத்தியபின் கட்சிக் கோப்பில் கொஞ்சம் வரிசைகள் வாங்கியவர் பெயரில்லாமல் மிஞ்சும். மறைத்துவிட்டார்கள் என்று குதிக்க வேண்டாம். பத்திரத்துக்கு ஆயுள் 15 நாள், அதனால் பட்டியல் தொடங்கும் தேதிக்கு முன் விற்ற சில, அதற்குப் பின் பணமாகியிருக்கும். 2019 ஏப்ரல் 1 முதல் 11 வரை விற்றவை 3,346, அதில் அந்த நாட்களிலேயே பணமானவை 1,609. மிச்சம் 1,737. அதன்பிறகு விற்றவை 18,871, பணமானவை 20,421. கூட்டிக் கழித்தால் 187 மீதம் வரும். அந்த 187 பத்திரங்கள் விதிப்படி பிரதமர் நிவாரண நிதிக்குப் போனவை. ஸ்டேட் வங்கி நீதிமன்றத்தில் கொடுத்த எண்கள் இவை, ஒன்றுக்கொன்று சரியாக இடிக்காமல் நிற்கின்றன.

பெயர்களில் கவனம் வேண்டும். சொல்லுக்கு நடுவில் இடைவெளி விழுந்து ஒரே நிறுவனம் இரண்டு மூன்று பெயராகத் தெரியும். சமாஜ்வாதி கட்சியைத் தேடினால் கிடைக்காது, வங்கிக் கணக்கில் உள்ளபடி "அத்யக்ஷ சமாஜ்வாதி பார்ட்டி" என்று அகர வரிசையில் மேலே கிடக்கும். பெயரை வைத்து ஆளை முடிவு செய்வதில் இன்னொரு ஆபத்து: "ஹப் பவர் கம்பெனி" என்ற பெயரைப் பார்த்துவிட்டு பாகிஸ்தான் மின் நிறுவனம் இந்தியக் கட்சிக்குப் பணம் கொடுத்தது என்று நாடு முழுக்கப் பரப்பினார்கள். அதே பெயரில் டெல்லியில் பதிவான நிறுவனம் ஒன்று உண்டு. பாகிஸ்தான் நிறுவனமோ தனக்குச் சம்பந்தமில்லை என்று அறிக்கையே விட்டது.

---

கரோல்பாக் கணக்குப்பிள்ளை:

இதை ஒரு எம்பிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. 2019இல் பாஜகவுக்கு 303 எம்பி, தலைக்கு 20 கோடி. காங்கிரஸ் 1,421 கோடி, 52 எம்பி, தலைக்கு 27. திரிணமூல் 1,609 கோடி, 22 எம்பி, தலைக்கு 73. தெலங்கானாவின் பிஆர்எஸ் 1,214 கோடி, 9 எம்பி, தலைக்கு 135 கோடி! எந்த ஆங்கில நாளிதழாவது இதை முதல் பக்கத்தில் போட்டதா?

---

தணிக்கைத்தம்பி:

இந்த வகுத்தல் மேடையில் கைதட்டு வாங்கும், கணக்கில் நிற்காது. பிஆர்எஸ்ஸுக்கும் திரிணமூலுக்கும் பணம் வந்தது எம்பிக்களுக்காக இல்லை. ஹைதராபாத்திலும் கொல்கத்தாவிலும் ஆட்சி அவர்கள் கையில் இருந்தது. ஒப்பந்தம், சுரங்கம், நிலம், லாட்டரி, மது எல்லாம் மாநில அரசின் மேசை. ஒடிசாவில் பிஜு ஜனதா தளத்துக்கு 775 கோடி வந்ததும் அதே காரணம்தான். சட்டமன்ற இடங்களையும் சேர்த்து வகுத்தால் வித்தியாசம் வெகுவாகக் குறையும்.

நமக்கு வேண்டிய வாதம் இதைவிட வலுவானது: பணம் கொள்கையைப் பார்த்துப் போகவில்லை, நாற்காலியைப் பார்த்துப் போயிருக்கிறது. கோயம்புத்தூர் லாட்டரி நிறுவனம் ஃப்யூச்சர் கேமிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் முதலிடம், 1,368 கோடி. அதில் திரிணமூலுக்கு 542, திமுகவுக்கு 503, ஒய்எஸ்ஆர் காங்கிரஸுக்கு 154, பாஜகவுக்கு 100, காங்கிரஸுக்கு 50. திமுக வாங்கிய மொத்தத்தில் நான்கில் மூன்று பங்கு ஒரே நிறுவனத்திடமிருந்து. டெல்லிச் சேனல்கள் "அமலாக்கத் துறை சோதனைக்கு ஆளான நிறுவனம்" என்ற முதல் பாதியைச் சொல்லிவிட்டு, பெரும்பணம் எங்கே போனது என்ற இரண்டாம் பாதியை விழுங்கின. ஒருதலை என்று நிரூபிக்க இந்த ஒரு வரிசை போதும்.

இதில் திமுகவுக்குச் சேர வேண்டியதையும் சொல்லிவிடுவோம். கொடுத்தவர் பெயரை மூடிய உறையில் ஆணையத்திடம் தந்த மிகச் சில கட்சிகளில் அது ஒன்று. தன் கணக்கில் ஃப்யூச்சர் 509 கோடி என்று அதுவே எழுதியது. 503, 509 என்று இரண்டு எண் உலவுவதற்குக் காரணம், ஒன்று வங்கிப் பட்டியல், மற்றது கட்சி கொடுத்த அறிக்கை. அதிமுகவும் பெயர் கொடுத்தது. வாங்கிய 6.05 கோடியில் பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் பணம். பாஜக, காங்கிரஸ், திரிணமூல் மூன்றும் பெயர் கொடுக்கவில்லை.

---

ஜங்புரா சட்டம்:

தேதிகளை அடுக்கிக் காட்டிக் குற்றம் நிரூபிக்கும் வழக்கம் பற்றி ஒரு வார்த்தை. அரபிந்தோ பார்மா விஷயம் எல்லோரும் காட்டுவது. அதன் இயக்குநர் ஒருவரை டெல்லி மது வழக்கில் அமலாக்கத் துறை கைது செய்தது 2022 நவம்பர் 10. நிறுவனம் 5 கோடிக்குப் பத்திரம் வாங்கியது நவம்பர் 15. பாஜக அதைப் பணமாக்கியது நவம்பர் 21. அடுத்த ஆண்டு அந்த இயக்குநர் அப்ரூவர் ஆனார். இந்த வரிசை உண்மை, வலதுசாரிகள் இதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. அதே நிறுவனம் பிஆர்எஸ்ஸுக்கு 15 கோடி, தெலுங்கு தேசத்துக்கு 2.5 கோடி கொடுத்ததும் அதே பட்டியலில்தான் இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தேதி வரிசை சந்தேகத்துக்குப் போதும், தண்டனைக்குப் போதாது. அரசியல்வாதிகளுக்குப் பணம் கொடுத்ததாகக் குறிப்புகள் சிக்கிய ஜெயின் ஹவாலா வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஏறத்தாழ இதைத்தான்: உதிரித் தாளில் பெயரும் தொகையும் எழுதியிருப்பது மட்டும் ஒருவரைப் பொறுப்பாக்காது, தனிச் சான்று வேண்டும். அத்வானி அந்த வழக்கில் விடுபட்டது இப்படித்தான். அவருக்கு அன்று பொருந்திய அளவுகோல் இன்று திரிணமூலுக்கும் பொருந்த வேண்டும். பத்திர விவகாரத்தில் சிறப்புப் புலனாய்வுக் குழு கேட்ட மனுவை 2024 ஆகஸ்ட் 2இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பாஜக தலைவராக இருந்த பங்காரு லட்சுமண் கதை வேறு: 2001இல் கேமரா முன் ஒரு லட்சம் வாங்கினார், கட்சித் தலைவர் பதவி போனது, 2012இல் தண்டனை. அங்கே சான்று இருந்தது.

ஊடகம் மறந்த இன்னொன்று: பத்திரத்துக்கு முன் என்ன இருந்தது? 1969இல் இந்திரா காந்தி அரசு நிறுவன நன்கொடையைத் தடை செய்தது, பணம் பெட்டிக்குப் போனது. 1985இல்தான் தடை நீங்கியது. 2004-05 முதல் 2014-15 வரை கட்சிகளின் வருமானத்தில் 69 சதவீதம் பெயர் தெரியாத வழியில் வந்தது என்று தேர்தல் சீர்திருத்த அமைப்பான ஏடிஆர் கணக்கிட்டது. பத்திரத்தை எதிர்த்து வழக்குப் போட்ட அதே அமைப்புதான் இது. பத்திரம் அந்த நோயைத் தீர்க்கவில்லை, பெயரை மறைக்கும் பழக்கத்தை வங்கி வழியாகச் சட்டமாக்கியது. லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் நிறுவனங்கள் நன்கொடை தரலாம் என்று இருந்த வரம்பையும் 2017இல் எடுத்தது பெரிய தவறு. பழமைவாதம் பேசுகிறவர் யாரும் அதற்கு வக்காலத்து வாங்க முடியாது. பத்திரத் திட்டத்தை ரத்து செய்த 2024 பிப்ரவரி 15 தீர்ப்பில் அந்த வரம்பு திரும்ப வந்துவிட்டது.

வெளிநாட்டுப் பண விஷயத்தில் ஊடகம், கட்சி எல்லாம் ஒரே அணி. 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம், வேதாந்தா குழுமத்திடம் பணம் வாங்கியதில் பாஜக, காங்கிரஸ் இரண்டுமே வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறின என்றது. 2016 நிதிச் சட்டம், எது வெளிநாட்டுப் பணம் என்ற விளக்கத்தை 2010 வரை பின்னோக்கி மாற்றியது, 2018இல் 1976 ஆகஸ்ட் 5 வரை இழுத்துக்கொண்டு போனார்கள். நாடாளுமன்றத்தில் ஒரு சத்தம் இல்லை.

---

மயூர்விஹார் 2:

எண்ணெல்லாம் சரி. சம்பளக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுங்கள். நொய்டா, குருகிராம் அலுவலகங்களில் 80ஜிஜிசி (கட்சி நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் பிரிவு) என்று சொல்லி சின்னக் கட்சிகளின் ரசீது விற்கிறார்களே, அதுவும் அரசியல் நன்கொடை ஊழல்தானே?

---

தணிக்கைத்தம்பி:

அதுவேதான், ஆனால் இதற்கு முதல் பக்கம் கிடைக்காது. வழிமுறை இது: பதிவு மட்டும் பெற்ற, அங்கீகாரமில்லாத ஒரு கட்சியின் கணக்குக்கு நீங்கள் ஒரு லட்சம் அனுப்புவீர்கள், ரசீது வரும். கமிஷன் பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் திருப்பித் தருவார்கள். 30 சதவீத வரி அடுக்கில் செஸ் சேர்த்து 31,200 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். பிடிபட்டால் அந்த 31,200, அதற்கு வட்டி, தவறான தகவல் என்று முடிவானால் 200 சதவீத அபராதமாக 62,400.

உண்மையான நன்கொடை என்றால் பயமில்லை. ரொக்கம் கூடாது, கட்சி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவில் பதிவானதாக இருக்க வேண்டும், பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டுமே கழிவு. ரசீதில் கட்சியின் பான் எண், பரிவர்த்தனை எண், தேதி இருக்கிறதா பாருங்கள், ரிட்டர்னின் அட்டவணையில் பரிவர்த்தனை விவரத்தைக் கேட்கும். கட்சி தன் நன்கொடை அறிக்கையான 24ஏ படிவத்தைக் கொடுத்திருக்கிறதா என்று மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தேடுங்கள். 20,000க்கு மேல் கொடுத்த உங்கள் பெயர் அங்கே வர வேண்டும். ரசீது இருந்து அங்கே பெயர் இல்லையென்றால் சிக்கல் ஆரம்பமாகிவிட்டது. ஆறு ஆண்டுகள் தேர்தலில் நிற்காத கட்சிகளை ஆணையம் 2025 ஆகஸ்டில் 334, செப்டம்பரில் 474 என்று பட்டியலிலிருந்து நீக்கியது, அந்தப் பெயர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பொய்க் கழிவு கேட்டிருந்தால், துறை நோட்டீஸ் வருவதற்கு முன் திருத்திய ரிட்டர்ன் போடுவது மலிவு. ஐடிஆர்-யு (பழைய ரிட்டர்னைப் பின்னர் திருத்தும் படிவம்) வழியில், மதிப்பீட்டு ஆண்டு முடிந்த முதல் 12 மாதத்துக்குள் கூடுதல் வரி 25 சதவீதம், அடுத்த 12 மாதத்தில் 50. விசாரணை தொடங்கிவிட்டால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும்.

பெரிய கட்சிக்கும் இதே விதிதான். 2018-19 மதிப்பீட்டு ஆண்டுக்கு, அதாவது 2017-18 நிதியாண்டுக்கு, காங்கிரஸ் ரிட்டர்ன் 2018 டிசம்பர் 31க்குள் வர வேண்டியது, 2019 பிப்ரவரி 2இல் வந்தது. அதோடு 2,000 ரூபாய் வரம்பை மீறி சுமார் 14 லட்சம் ரொக்கம் வாங்கியிருந்தார்கள். வரிவிலக்கே போய், 199 கோடி வருமானத்துக்கும் வரி என்றானது. 2025 ஜூலையில் வருமான வரித் தீர்ப்பாயமும் அதை உறுதி செய்தது. "காங்கிரஸின் வங்கிக் கணக்கை முடக்கினார்கள்" என்று வந்த தலைப்புகளில் பாதிக்கு மேல் இந்தத் தேதி கீழே எங்கோ ஒரு பத்தியில்தான் இருந்தது.

---

முனிர்க்காக்காரன்:

நன்றி சார். முன்னெழுத்து சேர்த்துப் பொருத்தினேன், 1,368 வருகிறது. பத்திரம் போனபின், நிறுவனங்களிடம் திரட்டிக் கட்சிகளுக்குப் பிரித்துத் தரும் தேர்தல் அறக்கட்டளை வழியாக வரும் பணத்தையும் இதேபோல் பொருத்த முடியுமா?

---

ஜங்புரா சட்டம்:

முடியாது. 2013 திட்டப்படி அறக்கட்டளை அந்த ஆண்டு திரட்டியதில் 95 சதவீதத்தைக் கட்சிகளுக்குப் பிரித்தே ஆக வேண்டும். கொடுத்தவர் பட்டியல் வரும், பெற்ற கட்சிப் பட்டியல் வரும், இரண்டுக்கும் நடுவில் எண் எதுவும் கிடையாது. ப்ரூடன்ட் அறக்கட்டளை 2023-24இல் பாஜகவுக்கு 723 கோடி, காங்கிரஸுக்கு 156 கோடி கொடுத்தது தெரியும். எந்த நிறுவனத்தின் எந்த ரூபாய் எங்கே போனது என்பது தெரியாது. இன்ன நிறுவனம் அறக்கட்டளை வழியாக இன்ன கட்சிக்கு இவ்வளவு கொடுத்தது என்று யாராவது எழுதினால், அந்த நிறுவனமே சொன்னதா என்று மட்டும் கேளுங்கள்.