உங்களை முதலில் பிடித்து நிறுத்திய ராப் பாட்டு எது?

பழைய கேசட்:
ரொம்ப நாளாக எனக்கு ராப் என்றால் தடித்த தங்கச் சங்கிலி, திறந்த கார், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. அவ்வளவுதான். விடுதியில் அறைத்தோழன் அமெரிக்க ராப்பர் எமினெமின் 'ஸ்டான்' பாட்டை விடாமல் ஓட்டுவான். நடுநடுவே வரும் பாடகி டைடோவின் குரலுக்காக மட்டும் பொறுத்துக்கொள்வேன். மற்றதெல்லாம் காதில் விழும், உள்ளே இறங்காது.

ஒருநாள் அவன் நோட்டில் எழுதி வைத்திருந்த வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். அடப்பாவி, இது ஒரு சிறுகதை! ஸ்டான் என்றொரு ரசிகன் தன் நாயகன் எமினெமுக்குக் கடிதம் எழுதுகிறான். பென்சில் தாளில் உரசும் சத்தம்கூடக் கேட்கிறது. பதில் வரவில்லை. இரண்டாவது கடிதத்தில் குழைவு போய்க் கோபம் ஏறுகிறது. மூன்றாவது கடிதமே இல்லை. மழையில் காரை ஓட்டிக்கொண்டே கேசட்டில் பேசிப் பதிவு செய்கிறான், டிக்கியில் கர்ப்பிணிக் காதலி. கடைசியில்தான் எமினெம் நிதானமாகப் பதில் எழுத உட்கார்கிறார். எழுதிக்கொண்டிருக்கும்போதே, காரோடு பாலத்திலிருந்து விழுந்து செத்ததாகச் செய்தியில் பார்த்த ஆள் யாரென்று அவருக்கு உறைக்கிறது. அங்கேயே பாட்டு நின்றுவிடுகிறது. 2000-இல் வந்தது. வெறிபிடித்த ரசிகனைக் குறிக்கும் சொல்லாக 'ஸ்டான்' இப்போது ஆங்கில அகராதியிலேயே இருக்கிறது.

அன்றிலிருந்து என் கட்சி இதுதான்: வரி தெரியாமல் ராப் கேட்பது வசனம் புரியாமல் நாடகம் பார்ப்பது மாதிரி. உங்கள் கதையைச் சொல்லுங்கள். (ஸ்பீக்கரில் போடுமுன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளவும். நான் பட்டிருக்கிறேன்.)

ஆறு மணி ஜிம்:
'லூஸ் யுவர்செல்ஃப்'. வேறென்ன? எங்கள் ஜிம்மில் அது ஓடாத நாள் கிடையாது. ராப் பாட்டுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அது. 2003-இல் அந்த விருதைக் கொடுத்தபோது எமினெம் விழாவுக்கே போகவில்லை, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாராம். அந்தக் கிடார் தொடங்கினாலே எனக்கு இன்னும் ரெண்டு தடவை எடையைத் தூக்க வரும். வரி பாதி இன்னும் புரியவில்லை. தப்பா?

தாளக்காரன்:
தப்பே இல்லை. கேசட் அண்ணனோடு எனக்குச் சண்டை இங்கேதான்.

அமெரிக்க ஹிப் ஹாப் குழு பிளாக் ஐட் பீஸின் 2003 ஆல்பம் 'எலிஃபங்க்' வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. 'தி எலிஃபங்க் தீம்' வந்தபோது சித்தப்பா பேப்பரை மடக்கிவிட்டு, "டேய், இது ராஜா பாட்டுடா" என்றார். பந்தயம் கட்டினேன். தோற்றேன். 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்து 'உனக்கும் எனக்கும்' பாட்டிலிருந்து எடுத்தது. அப்புறம் லண்டன் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ.வின் 'பாம்பூ பங்கா'வில் 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' தாளம் இடித்துக்கொண்டு வந்தபோது சித்தப்பாவைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இப்படித் துண்டு எடுத்து ஒட்டும் வேலைதான் ராப்பின் தாய்வீடான ஹிப் ஹாப்பின் வேர். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, 1520 செட்ஜ்விக் அவென்யூ. தங்கை வைத்த பார்ட்டியில் ரெக்கார்ட் போட்டவர் டிஜே கூல் ஹெர்க். பாட்டின் நடுவே குரல் அடங்கி டிரம் மட்டும் வரும் இடத்துக்காகத்தான் ஆடுபவர்கள் காத்திருக்கிறார்கள் என்பது அவருக்குப் பிடிபட்டிருந்தது. ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்று முடிய மற்றதை ஓடவிட்டு, சில விநாடித் துண்டை நீட்டிக்கொண்டே போகும் வித்தை அவருடையது. மைக்கில் பேசியவர்கள், அதாவது ராப்பர்கள், அதன்மேல் ஏறிக்கொண்டவர்கள். ஆக, தாளம்தான் மூத்தது அண்ணா.

ஒரே ஒரு பாட்டு சொல் என்றால், நியூயார்க் ராப் இரட்டையர் மாப் டீப்பின் 'ஷூக் ஒன்ஸ், பார்ட் 2' (1995). நள்ளிரவில் யாரோ பின்தொடர்வது போன்ற மெட்டு. அது ஜாஸ் கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் 'ஜெசிகா' என்ற சாதுவான பியானோ இசையிலிருந்து வெட்டியது என்று கண்டுபிடிக்க ரசிகர்களுக்கு 2011 வரை ஆனது.

பழைய கேசட்:
சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். என் பங்குக்கு இன்னொன்று: 'தி மெசேஜ்', 1982. ரெக்கார்டில் டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷும் அவர் குழுவும் என்று பெயர் இருக்கும், ராப் செய்வது மெல்லி மெல்லும் டியூக் பூட்டியும். ஆட வந்த கூட்டத்துக்கு உடைந்த கண்ணாடியும் கடன்காரன் தொல்லையும் எதற்கு என்று குழுவுக்கே முதலில் தயக்கம். மெதுவான தாளம், அவசரமில்லாத பேச்சு. நோட்டு இல்லாமல் முதல் தடவையே எனக்குப் புரிந்த ராப் அதுதான். தாளக்காரர் சிரிக்க வேண்டாம்.

மொட்டைமாடி:
இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அமெரிக்க ராப்பர் டூபாக்கின் 'டியர் மாமா', 1995. ஆபீஸ் பஸ்ஸில் கேட்டேன், அன்று காலைதான் அம்மாவோடு பெரிய சண்டை. நம் பாட்டுகளில் அம்மா என்றால் கோயில், தெய்வம், குறையே இருக்காது. இவர் அம்மா போதைக்கு அடிமையாக இருந்ததைப் பாட்டிலேயே சொல்கிறார். தன்னை வீட்டைவிட்டு விரட்டியதையும் சொல்கிறார். சொல்லிவிட்டு, நீ ராணி என்கிறார். அந்த அம்மா, அஃபேனி ஷகூர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியில் இருந்தவர். வயிற்றில் பிள்ளையோடு நீதிமன்றத்தில் தனக்காகத் தானே வாதாடி விடுதலையானவர். அடுத்த மாதம், 1971 ஜூனில், டூபாக் பிறந்தார்.

அன்று ராத்திரி அம்மாவை உட்காரவைத்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். சமாதானம் பேச வேறு வழி தெரியவில்லை. ஒரு காதில் இயர்போனோடு, கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசியில், "அந்தப் பையன் இப்ப என்ன பண்றான்?" என்றாள். 25 வயதில் லாஸ் வேகஸில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? "அவங்க அம்மாகிட்ட இருக்கான்மா" என்றேன். 2016-இல் அஃபேனியும் போய்விட்டார், அதனால் முழுப் பொய் இல்லை.